இரண்டு தடவை விழுந்த எழுத்து

அத்தியாயம் 4

அந்த மோட்டார் சைக்கிள் வெளிநாட்டிலிருந்து வந்தது என்று மூன்று பேர் என்னிடம் அடித்துச் சொன்னார்கள். நான் கேட்காமலே மூன்று பேர் ஒரே பதிலைச் சொன்னால் அதில் ஒருவன் பொய்யன், மற்ற இரண்டு பேர் அவனை நம்பினவர்கள். அதனால் நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று மத்தியானமே கிளம்பினேன்.

ஊரில் என்னை 'சந்தேகம்' என்றுதான் கூப்பிடுவார்கள், முகத்துக்கு நேராகவே. நாற்பது வருஷம் மெக்கானிக் பட்டறை வைத்திருந்தவன். இப்போது கை நடுங்குவதால் ஸ்பேனரைப் பிடிப்பதில்லை. காணாமல் போன வண்டி, களவு போன வண்டி, பழசு என்று சொல்லி ஏமாற்றி விற்ற வண்டி என்று யாராவது வந்தால் துப்புத் துலக்கித் தருகிறேன்.

கூட வந்தது என் கொழுந்தியாள். என் மனைவி செத்த பிறகு என்னைத் திட்டுகிற பொறுப்பை அவள் தங்கை ஏற்றுக்கொண்டாள். வண்டிப் பதிவு அலுவலகத்தில் இருபத்தெட்டு வருஷம் நாற்காலி தேய்த்தவள். காகிதத்தை அவள் பார்ப்பாள், இரும்பை நான் பார்ப்பேன். வாய் மட்டும் இரண்டு பேருக்கும் சேர்த்து அவளுக்கே கொடுத்திருந்தது.

விஷயம் இதுதான். முந்தின நாள் ஒரு நர்ஸ் என்னைத் தேடி வந்தாள். வயது முப்பத்திரண்டு. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எனக்கு ஒன்றரை வயசா இருக்கும்போது எங்கப்பா வண்டிய எடுத்துக்கிட்டு வெளிநாட்டுக்கு ஓடிட்டாருன்னு அம்மா சொல்லித்தான் வளர்த்தாங்க. நானும் முப்பத்தொரு வருஷமா அவரைத் திட்டிக்கிட்டே வளர்ந்தேன். போன வாரம் ஒரு பெரியவருக்கு ஊசி போடப் போனேன். அவர் ஷெட்டுல அந்த வண்டி நிக்குது."

ஒரு போட்டோவைக் காட்டினாள். அப்பன்காரன் வண்டியில் உட்கார்ந்திருக்கிறான். முன்னால் பெட்ரோல் டேங்கின் மேல் குழந்தை. குழந்தை பிடித்துக்கொள்ள டேங்கிலேயே ஒரு சின்னக் கைப்பிடி பற்றவைத்திருந்தது. கடையில் கிடைக்கிற சாமான் இல்லை அது. அவனே செய்து ஒட்டியிருக்கிறான்.

"அந்தக் கைப்பிடி இப்போ இல்ல. ஆனா பெயிண்டுக்கு அடியில ரெண்டு முண்டு கைக்குத் தட்டுப்படுது. பெரியவர் கேட்டா, இது குளிர் நாட்டுலேர்ந்து வந்த வண்டி, நம்பரைப் பாருங்கங்கறார். அம்மாகிட்ட சொன்னேன். அந்தப் பேச்சை எடுக்காதேன்னு தையல் மெஷினை வேகமா மிதிக்கிறாங்க."

"உங்களுக்கு என்ன வேணும்?"

"அது எங்க வண்டியா இல்லையா, அது தெரிஞ்சா போதும். வண்டி இங்கயே இருந்தா, அவர் எதுல ஓடினாரு?"

அம்மாவின் தகரப் பெட்டியிலிருந்து எடுத்து வந்த பழைய பதிவுப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஷெட்டில் பதினேழு வண்டிகள் நின்றன. ஒன்றும் ஓடுவதில்லை. துடைத்து, துணி போர்த்தி, வரிசையாக நிறுத்தியிருந்தார் பெரியவர். பெட்ரோல் வாசனையே இல்லாத ஷெட்டை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில் சவம் வைக்கிற அறையில் இப்படித்தான் இருக்கும்.

"மியூசியம் நல்லா வச்சிருக்கீங்க. காவலுக்கு ஒரு பேய் மட்டும்தான் குறைச்சல்" என்றாள் கொழுந்தியாள்.

பெரியவர் சிரிக்கவில்லை. "இருக்குன்னு வேலைக்காரி சொல்றா. அந்த வண்டிய மட்டும் துடைக்க மாட்டேங்கறா. துணிய எடுத்தா யாரோ பக்கத்துல வந்து நிக்கற மாதிரி இருக்காம்."

அவர் கடைசி வண்டியின் துணியை உருவினார். கறுப்பு வண்டி. ஹேண்டில் ஒரு பக்கமாகத் திரும்பி, கூப்பிட்டதும் கழுத்தைத் திருப்பின ஆள் மாதிரி நின்றது. எனக்கு அது பிடிக்கவில்லை. இரும்பு திரும்பிப் பார்க்காது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பெரியவர் தன் பதிவுப் புத்தகத்தைக் கொழுந்தியாளிடம் நீட்டினார். அவள் அதைத் தடவி, முகர்ந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"காகிதம் அசல், அத்தான். இவ்வளவு சுத்தமான காகிதம் எங்க ஆபீஸ்லயே கிடையாது. நம்பர் 69614, கடைசியில 'என்'ங்கற எழுத்து."

அந்தக் கம்பெனியின் வழக்கம் எனக்குத் தெரியும். வண்டியின் இரும்புச் சட்டத்தின் கழுத்தில், ஹேண்டிலுக்குக் கீழே, ஐந்து இலக்கம் அடிப்பார்கள். கடைசியில் ஒரு ஆங்கில எழுத்து. வண்டி எந்த நாட்டுச் சந்தைக்குப் போகிறதோ அதற்கான எழுத்து. 'டி' என்றால் நம்மைப் போன்ற வெயில் நாடு. 'என்' என்றால் வடக்கே, பனி பெய்கிற நாடுகள். நர்ஸ் கொடுத்த புத்தகத்தில் இருந்தது 52807 டி.

"நம்பரும் வேற, நாடும் வேற" என்றார் பெரியவர். "அந்தப் பொண்ணு மேல எனக்கு வருத்தம் உண்டு. அதுக்காக வண்டிய விட முடியுமா?"

"வண்டிய கடைசியா எப்ப குனிஞ்சு பார்த்தீங்க?"

"நம்பரைத் தினமும் பார்க்கறேன்."

"நம்பரை இல்ல. வண்டிய."

முழங்கால் கத்தக் கத்த உட்கார்ந்தேன். என்ஜினுக்குக் கீழே சட்டத்தின் இடது பக்கம் ஒரு இரும்புக் காது இருந்தது. சைடு கார் மாட்டுகிற காது. வலது பக்கம் தடவினேன். வழவழவென்று வெறும் குழாய்.

"பெரியவரே, இந்த நாட்டுல வண்டி எந்தப் பக்கம் ஓடுது?"

"இடது பக்கம்."

"அந்தப் பனி நாட்டுல?"

"வலது பக்கம்."

"சைடு கார் எப்பவும் சாலை ஓரமாத்தான் இருக்கும். நடுச்சாலையில சம்சாரத்தை உட்கார வச்சு எவனும் ஓட்ட மாட்டான்."

"சில பேர் ஓட்டுவாங்க" என்றாள் கொழுந்தியாள்.

"இந்தக் கம்பெனி மகா கஞ்சன். ரெண்டு பக்கமும் காது வைக்க மாட்டான். எந்த நாட்டுக்குப் போகுதோ அந்த நாட்டு ஓரத்துக்கு மட்டும்தான். காது இடது பக்கம் இருக்கு. இந்தச் சட்டம் இடது பக்கம் ஓடற நாட்டுக்குன்னே செஞ்சது. பனியை இது கண்ணால பார்த்ததில்ல. எழுத்து பொய்."

பெரியவர் வண்டியின் சீட்டில் கையை ஊன்றிக்கொண்டார். பதினோரு வருஷம் அவர் துடைத்த வண்டி.

எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்துவிட்டது. கர்வத்தோடு எழுந்து டார்ச்சை அடித்து நம்பரைப் பார்த்தேன். பிறகு விரலால் தடவினேன்.

கம்பெனிக்காரன் ஒவ்வொரு இலக்கத்துக்கும் தனி அச்சு வைத்திருப்பான். பட்டறைக்காரன் பெட்டியில் ஒன்பது கிடையாது. ஆறைத் தலைகீழாகப் பிடித்து அடித்தால் ஒன்பது. இங்கே இரண்டு ஆறின் வயிற்றிலும், கீழே இடது ஓரம் ஒரு உடைசல் இருந்தது. ஒன்பதில் அதே உடைசல் மேலே வலது ஓரம் இருந்தது. மூன்றும் ஒரே அச்சு.

ஒரு நாள் ஏதோ கோபத்தில் அந்த அச்சை என் பட்டறைச் சிமெண்ட் தரையில் எறிந்தேன். ஓரம் உதிர்ந்து போனது. புதிதாக வாங்கச் சோம்பல்.

"என்ன, யாரோட வேலைன்னு தெரியுதா?" என்றார் பெரியவர்.

"யாரோ ஒரு திருட்டுப் பட்டறைக்காரன்" என்று டார்ச்சை அணைத்தேன்.

கார் இரண்டு தெரு தாண்டும் வரை கொழுந்தியாள் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் டயரில் காற்று இல்லை என்று அர்த்தம், அல்லது விஷயம் தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

"அந்தத் திருட்டுப் பட்டறைக்காரன் உயிரோட இருக்கானா, அத்தான்?"

"இருக்கான்."

"கார் ஓட்டுவானோ?"

"ஓட்டிக்கிட்டுத்தான் இருக்கான்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அதான் அவ சாகற வரைக்கும் உங்க பட்டறைக்குள்ள கால் வைக்கல. எண்ணெய் அழுக்கு பிடிக்காதாம், அதான்னு எங்ககிட்ட சொல்லுவா. நாங்களும் நம்பினோம். அவளாவது நல்லா பொய் சொன்னா. நீங்க சொல்றது மூஞ்சியிலயே தெரியுது."

அந்தக் காலத்தில் நான் யோக்கியன் இல்லை. எரிந்து போன, நொறுங்கிப் போன வண்டிகளின் புத்தகங்களை வாங்கி வைத்திருப்பேன். எவனாவது அடையாளம் மறைக்க ஒரு வண்டியைக் கொண்டு வந்தால், பழைய எண்ணை அரத்தால் ராவிவிட்டு, செத்த வண்டியின் எண்ணை அடித்து, அதன் புத்தகத்தையும் கொடுப்பேன். 69614 'என்' அப்படி எரிந்து போன வண்டி, ஒரு வெளிநாட்டுக்காரனுடையது.

"எத்தனை பண்ணீங்க?"

"இருபது இருக்கும். இருபத்தஞ்சும் இருக்கும்."

"இதைக் கொண்டு வந்தது யாரு?"

"முகத்தைப் பார்க்க மாட்டேன். பார்த்தா ஞாபகம் வரும். ஞாபகம் வந்தா போலீஸ் கேட்கும்."

"ஓடினவன் தன் வண்டிப் புத்தகத்தைப் பெண்டாட்டி பெட்டியில விட்டுட்டா ஓடுவான்? எல்லையில முதல்ல கேட்கறதே அதைத்தான். நான் இருபத்தெட்டு வருஷமா பார்த்திருக்கேன். பெண்டாட்டியை மறந்துட்டுப் போனவன் உண்டு. புத்தகத்தை மறந்துட்டுப் போனவன் கிடையாது. அவன் ஓடலை, அத்தான்."

நான் காரை ஓரமாக நிறுத்தினேன். நிறுத்தாவிட்டால் எங்காவது மோதியிருப்பேன். நம்பரைத் தடவும்போது விரல் கடைசியாக 'என்' மேல் போயிருந்தது. அந்த எழுத்து இரண்டு தடவை விழுந்திருந்தது. முதல் அடி மெல்ல, ஒரு பூனை பிராண்டின மாதிரி. இரண்டாவது அடி ஆழமாக, ஒரு மயிரிழை தள்ளி. எழுத்துக்குப் பின்னால் அதன் நிழல் நிற்கிற மாதிரி.

நான் ஒரே அடியில் அடிப்பவன். கடைசி எழுத்தை நான் அடித்ததே இல்லை. அது என் சட்டம். வண்டியைக் கொண்டு வந்தவன் கையில் சுத்தியலைக் கொடுத்து, கடைசி எழுத்தை அவனையே அடிக்கச் சொல்வேன். நாளைக்கு அவன் என்னைக் காட்டிக் கொடுக்க முடியாது, அவன் கையும் அதில் இருக்கும். வந்தவர்கள் எல்லாம் திருடர்கள், முரட்டு ஆட்கள். ஓங்கி ஒரே போடு போட்டுவிட்டுப் போவார்கள்.

ஒரே ஒருத்தர்தான் இரண்டு தடவை அடித்தது.

"பொம்பளை" என்றேன். "நல்ல மழை. ஓட்டத் தெரியாம வண்டிய உருட்டிக்கிட்டே வந்தா. புடவையெல்லாம் சேறு. நான் என் சட்டத்தைச் சொன்னேன். அவளால சுத்தியலைத் தூக்க முடியல. முதல் அடி பதியல. இன்னொண்ணு போடுன்னு அதட்டினேன். கண்ணை மூடிக்கிட்டு அடிச்சா. அடிச்சிட்டு, வண்டிய நீங்களே வச்சுக்கங்கன்னு சொல்லிட்டு மழையில நடந்து போயிட்டா. அந்த வாரமே நான் அதை வித்துட்டேன்."

கொழுந்தியாள் ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினாள்.

"சந்தேகம்னு உங்களுக்குப் பேர் வச்சவன் மரியாதைக்காரன்" என்றாள். "நர்ஸுக்கு நாலு மணிக்கு டியூட்டி முடியுது. அவ வர்றதுக்கு முன்னாடி அவ அம்மாவைப் பார்க்கணும். எடுங்க வண்டிய."

மாடிப்படிக்குக் கீழே ஒரே அறை, அதுதான் அவர்கள் வீடு. பள்ளிக்கூடத்துச் சட்டைகள் அடுக்கடுக்காகக் கிடந்தன. எல்லாவற்றுக்கும் கை தைத்தாகிவிட்டது, காலர் வைக்கவில்லை. கழுத்தில்லாத பிள்ளைகள் குவிந்து படுத்திருக்கிற மாதிரி தெரிந்தது. நர்ஸின் அம்மாவான தையல்காரம்மா மெஷினிலிருந்து நிமிர்ந்து முதலில் பார்த்தது என் கைகளை. அப்புறம்தான் முகத்தை.

"வந்துட்டீங்களா" என்றாள். யாரையோ கடைக்கு அனுப்பி, அவன் திரும்பி வந்ததைப் போல.

"பட்டறைக்காரன்" என்றேன்.

"தெரியுது. வயசாயிடுச்சு உங்களுக்கு."

"உங்களுக்கும்தான்."

கொழுந்தியாள் முழங்கையால் என் விலாவில் இடித்தாள். எனக்கு நயமாகப் பேச வராது. நேராகவே கேட்டேன்.

"உங்க வீட்டுக்காரர் எங்க?"

அவள் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள். ஊசி துணிக்குள் பாதியில் நின்றது.

"பழைய கல்குவாரியில. தண்ணிக்குள்ள." துணியை நீவிவிட்டபடி சொன்னாள். "வேலை போனதுலேர்ந்து ஆறு மாசம் அவர் யார்கிட்டயும் பேசல. குழந்தைகிட்ட மட்டும் பேசுவார். அன்னிக்கு விடிஞ்சும் வரல. தேடிக்கிட்டுப் போனேன். கரையில வண்டி நின்னுச்சு, சாவி அதுலயே இருந்துச்சு. பக்கத்துல செருப்பு ரெண்டும் ஜோடியா. உள்ள ஒண்ணும் தெரியல. அந்தத் தண்ணிக்கு அடி கிடையாதும்பாங்க."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொன்னா ஊரே வந்து நின்னு பார்க்கும். அப்புறம் என் பொண்ணைப் பார்க்கும். இது பொறந்த நேரம், அப்பனை முழுங்கிடுச்சுன்னு சொல்லும். அதைக் கேட்டு அவ வளரணுமா? ஓடிப்போனவன் பொண்ணுன்னா, திட்டறது அவரைத்தான். இவ மேல ஒட்டாது."

"வண்டிய அந்தத் தண்ணியிலயே தள்ளியிருக்கலாமே" என்றேன். பட்டறைக்காரன் புத்தி.

"தள்ளத்தான் உருட்டினேன். விளிம்பு வரைக்கும் கொண்டு போயிட்டேன்." அவள் குரல் அப்போதுதான் லேசாக மாறியது. "கீழ அவர் இருக்காரு. அவர் மேல விழுந்துட்டா?"

நான் சுவரைப் பார்த்தேன். அன்றைக்கு அவள் புடவையில் இருந்தது எந்த இடத்துச் சேறு என்று இப்போது தெரிந்தது. அந்தக் கையில்தான் நான் சுத்தியலைத் திணித்தேன்.

"வித்தா நம்பரை வச்சுத் தேடி வருவாங்கன்னு பெட்ரோல் போடறவன் உங்களைச் சொன்னான். வந்தேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவ கோபக்காரியா வளர்ந்தா. கோபம் நல்லதுதான். படிச்சா, வேலைக்குப் போறா, ஊசி போடற கை நடுங்காது அவளுக்கு. அது பனி நாட்டு வண்டின்னே சொல்லிடுங்க. நீங்க அடிச்சது, நீங்களே சொன்னா நம்புவா."

சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஒரு வார்த்தைதான். எனக்கும் அது வசதி. என் பேரும் வெளியே வராது. கொழுந்தியாளைப் பார்த்தேன். எப்போதும் எதையாவது சொல்லுகிறவள், காலர் இல்லாத ஒரு சட்டையை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் செருப்பு கழற்றுகிற சத்தம் கேட்டது. நர்ஸ் உள்ளே வந்தாள். எங்களைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், கைப்பையைக் கீழே வைக்காமலே நின்றாள்.

"பார்த்தீங்களா? எங்க வண்டியா இல்லையா?"

தையல்காரம்மாவின் கண் என் மேலேயே இருந்தது. இரும்பில் பொய்யை அடித்தபோது அந்த இரும்பு என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க வண்டிதான்" என்றேன். "நம்பரை மாத்தினது நான்."

"நீங்களா?" அவள் குரல் உயரவில்லை. ஆஸ்பத்திரியில் பேசுகிற குரல். "யார் சொல்லி மாத்தினீங்க?"

அதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று பட்டது.

"நான் சொல்லித்தான்" என்றாள் தையல்காரம்மா. கழுத்திலிருந்த அளவு நாடாவை எடுத்து, சுருட்டி, மெஷின் மேல் வைத்தாள்.

"ஏம்மா?" என்றாள் மகள். "அப்பா எங்கம்மா?"

தையல்காரம்மா எழுந்து விளக்கை அணைத்தாள்.

"வா, காட்டறேன்."

நால்வரும் காரில் ஏறினோம். குவாரிக்கு வழி எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன், தெரியவில்லை. ஊர் மாறிவிட்டது. பின்சீட்டிலிருந்து தையல்காரம்மாதான் சொல்லிக்கொண்டு வந்தாள். இங்கே இடது பக்கம், அந்த மரக்கடையைத் தாண்டி, பள்ளம் இருக்கு மெதுவா. ஒவ்வொன்றையும் அந்த இடம் வருவதற்கு முன்னாலேயே சொன்னாள். கொழுந்தியாள் முன்சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துங்க."

குவாரியை மூடி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. முள்புதர் ஆள் உயரம் வளர்ந்து கிடந்தது. ஆடு மாடுகூட அந்தப் பக்கம் வருவதாகத் தெரியவில்லை. ஆனால் சாலையிலிருந்து தண்ணீர் வரை புதரின் ஊடே ஒரு ஒற்றையடிப் பாதை போனது. ஒரு புல் இல்லை அதில். மிதிபட்டு மிதிபட்டு, துணியில் சாக்குக்கட்டியால் கிழித்த கோடு மாதிரி வெள்ளையாக இருந்தது.

மகள் அந்தப் பாதையைப் பார்த்தாள்.

"எத்தனை நாளைக்கு ஒருதரம் வருவே?" என்றாள்.

"நீ டியூட்டிக்குப் போற நாள்ல."

நானும் கொழுந்தியாளும் காரிலிருந்து இறங்கவில்லை. தையல்காரம்மா முன்னால் நடந்தாள். பாதை ஒரு ஆள் அகலம்தான். பின்னால் வா என்று அவள் சைகை காட்டியும் மகள் கேட்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பாதைக்கு வெளியே, முள் கிழிக்கக் கிழிக்கக் கூடவே நடந்து போனாள்.